பழைய பிக்கப் டிரக்குகளில் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல்: எரிபொருள் அமைப்பு மாறிய வரலாறு

பழைய பிக்கப் டிரக்குகளில் உள்ள கார்புரேட்டரை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் கருவியைப் பொருத்துவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக உள்ள வழக்கமாகும். பிக்கப் டிரக் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குப் பெட்டியும் கொண்ட இலகு ரக வாகனம். பண்ணை வேலைக்கும் சிறு தொழிலுக்கும் வாங்கப்பட்ட இவ்வாகனங்களில் பல, ஐம்பது அறுபது ஆண்டுகள் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கான உட்செலுத்தல் கருவிகளை வாகனத்தைத் தயாரித்த நிறுவனம் விற்பதில்லை. வெளிச்சந்தை நிறுவனங்களே தொகுப்பாக விற்கின்றன.

தொகுப்பில் கண்ணில் படும் பொருள் கார்புரேட்டரைப் போலவே தோற்றமளிக்கும் ஓர் உலோகப் பகுதியாகும். அதைப் பொருத்துவது எளிது. மாற்றத்தின் பெரும்பகுதியும் அதன் ஆபத்தும் எரிபொருள் தொட்டி, பம்பு, குழாய்கள் ஆகியவற்றில் உள்ளன. இதற்கான காரணம், கார்புரேட்டர் காலத்தில் எரிபொருள் அமைப்பு எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாற்றில் இருக்கிறது.

ஈர்ப்பு விசையிலிருந்து பம்பு வரை

தொடக்ககால மோட்டார் வாகனங்களில் எரிபொருள் பம்பு கிடையாது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரிலும், அதன் அடிப்படையில் 1917-இல் வெளிவந்த மாடல் டிடி டிரக்கிலும் பெட்ரோல் தொட்டியிலிருந்து ஈர்ப்பு விசையால் மட்டுமே என்ஜினுக்கு இறங்கியது. மாடல் டி காரின் தொட்டி பெரும்பாலும் முன் இருக்கையின் அடியில் இருந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது என்ஜின் தொட்டியைவிட உயர்ந்துவிடும். பெட்ரோல் வருவது நின்றுவிடும். இதனால் தொட்டியில் பெட்ரோல் குறைவாக உள்ள வேளைகளில் ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி மேடேறினர்.

இதற்குத் தீர்வாக 1910-களில் வெற்றிடத் தொட்டி என்ற கருவி பரவியது. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை என்ஜினுக்கு அருகிலுள்ள ஒரு சிறு கலத்துக்கு இழுத்து, அங்கிருந்து கார்புரேட்டருக்கு இறக்குவது இதன் முறை. ஆனால் நீண்ட மேட்டில் முழு விசையுடன் ஏறும்போது வெற்றிடம் குறைந்து, சிறு கலமும் காலியாகிவிடும். 1920-களின் இறுதியில் என்ஜினின் கேம் தண்டால் இயக்கப்படும் சவ்வுப் பம்பு வந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க டிரக்குகளில் இதுவே பொதுவான பம்பாக நிலைத்தது.

இந்தப் பம்பு எளிமையானது, மலிவானது. அது தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 7 பவுண்டு வரைதான். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு பிஎஸ்ஐ எனப்படும். கார்புரேட்டருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

மிதவைக் கிண்ணம்

கார்புரேட்டருக்குக் குறைந்த அழுத்தம் போதுமானதற்குக் காரணம் அதன் மிதவைக் கிண்ணமாகும். ஒவ்வொரு கார்புரேட்டரின் உள்ளேயும் சிறிதளவு பெட்ரோலைத் தேக்கி வைக்கும் ஒரு கிண்ணம் உண்டு. கிண்ணம் நிரம்பும்போது மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும். பெட்ரோல் குறையும்போது மிதவை இறங்கி வால்வைத் திறக்கும். வீட்டு மேல்நிலைத் தொட்டியில் உள்ள மிதவை வால்வும் இதே முறையில்தான் இயங்குகிறது. 1893-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியின் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோரும் தனித்தனியே உருவாக்கிய கார்புரேட்டர்களின் வழியில் இந்த அமைப்பு வளர்ந்தது.

என்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய வழியாக விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் அந்த வேறுபாட்டால் நுண்துளை வழியே மேலெழுந்து காற்றில் கலக்கிறது. இங்கே பம்பின் வேலை கிண்ணத்தை நிரப்புவது மட்டுமே. வளைவில் தொட்டியில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்பு சில நொடிகள் காற்றை உறிஞ்சினாலும், கிண்ணத்தில் உள்ள இருப்பில் என்ஜின் ஓடும். குழாயில் சிறு குமிழிகள் வந்தாலும் அவை கிண்ணத்தின் காற்றுத் துளை வழியே வெளியேறிவிடும்.

எனவே எரிபொருள் அமைப்பின் மற்ற பகுதிகள் துல்லியமாக இருக்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இல்லாமலும், திரும்பு குழாய் இல்லாமலும், சாதாரண ரப்பர் குழாய்களுடனும் டிரக்குகள் பல ஆண்டுகள் ஓடின. செவ்ரோலே நிறுவனம் 1949 முதல் தன் பிக்கப் டிரக்குகளின் தொட்டியை ஓட்டுநர் அறைக்குள் இருக்கையின் பின்னால் வைத்தது. 1960-களின் ஃபோர்டு எஃப்-100 வகையிலும் தொட்டி அதே இடத்தில் இருந்தது. 1973 மாதிரியிலிருந்துதான் இரு நிறுவனங்களும் தொட்டியை அறைக்கு வெளியே கொண்டுசென்றன.

இந்த அமைப்பின் பெரிய குறைபாடு ஆவி அடைப்பு ஆகும். என்ஜினில் உள்ள பம்பு நீண்ட குழாய் வழியே பெட்ரோலை உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். கோடை வெப்பத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு திரவத்துக்குப் பதிலாக ஆவியைத் தள்ளத் தொடங்கும், வண்டி நின்றுவிடும்.

உட்செலுத்தலின் தொடக்கம்

பெட்ரோலை அழுத்தத்துடன் பீய்ச்சும் முறை டிரக்குகளுக்கு முன் வேறு துறைகளில் வளர்ந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் டீசல் உட்செலுத்தல் பம்புகளைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமான என்ஜின்கள் பெட்ரோல் உட்செலுத்தலைப் பயன்படுத்தின. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலும், 1957-இல் செவ்ரோலே கார்வெட் காரிலும் இயந்திர வகை உட்செலுத்தல் இடம்பெற்றது.

மின்னணு முறைக்கான முதல் முயற்சி அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரோஜெக்டர் ஆகும். கிரைஸ்லர் நிறுவனம் 1958 மாதிரிக் கார்களில் சில டஜன்களில் மட்டும் இதைப் பொருத்தியது. அக்கால மின்னணு உறுப்புகள் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கவில்லை. பெரும்பாலான கார்களுக்குப் பின்னர் கார்புரேட்டரே திரும்பப் பொருத்தப்பட்டது. இத்தொழில்நுட்பத்தின் காப்புரிமை வழியாகப் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் அமைப்பை உருவாக்கியது. 1967-இல் அது ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வெளிவந்தது.

டி-ஜெட்ரானிக்கின் எரிபொருள் பகுதி குறிப்பிடத்தக்கது. அதில் மின்சாரப் பம்பு, அழுத்த ஒழுங்குபடுத்தி, மிஞ்சும் பெட்ரோலைத் தொட்டிக்கே அனுப்பும் திரும்பு குழாய் ஆகிய மூன்றும் இருந்தன. கணினி இன்ஜெக்டரை எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்து வைக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. அழுத்தம் மாறாமல் இருந்தால்தான் அந்த நேரக் கணக்கு பெட்ரோலின் அளவாக மாறும். கிண்ணம் போய், அதன் இடத்தை மாறாத அழுத்தம் பிடித்தது.

மாசுக் கட்டுப்பாடும் டிரக்குகளும்

1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் அமெரிக்க வாகனத் தொழிலை மாற்றியது. 1975 மாதிரிக் கார்களில் வினையூக்கி மாற்றிகள் பரவலாக வந்தன. பின்னர் வந்த மூவழி மாற்றி சரியாக இயங்க, ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதம் தேவை. இந்த நுட்பத்தைக் கார்புரேட்டரால் எல்லா நிலைகளிலும் காக்க இயலவில்லை. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்தும் உணரி 1970-களின் பிற்பகுதியில் வால்வோ கார்களில் வந்தது.

டிரக்குகளுக்கு இம்மாற்றம் சற்றுத் தாமதமாகவே வந்தது. ஃபோர்டு 1985-இல் எஃப்-150 வகையின் 5.0 லிட்டர் என்ஜினில் மின்னணு உட்செலுத்தலைத் தந்தது. இதில் தொட்டிக்குள் ஒரு குறைந்த அழுத்தப் பம்பும், சட்டத்தில் ஓர் உயர் அழுத்தப் பம்பும் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1987-இல் தன் பெரிய பிக்கப் டிரக்குகளில், கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இரண்டு இன்ஜெக்டர்கள் அமைந்த எளிய முறையைக் கொண்டுவந்தது. அதன் அழுத்தம் 9 முதல் 13 பிஎஸ்ஐ மட்டுமே. இருப்பினும் அதற்காகத் தொட்டிக்குள் மின்சாரப் பம்பு வைக்கப்பட்டு, திரும்பு குழாயும் அமைக்கப்பட்டது.

வெளிச்சந்தைக் கருவிகள்

பழைய டிரக் உரிமையாளர்கள் முதலில் நாடியது உடைப்புக் கிடங்குகளையே. 1987-க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்கின் உட்செலுத்தல் பகுதியைக் கழற்றிப் பழைய டிரக்கில் பொருத்துவது மலிவான வழியாக இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஹோலி நிறுவனம் புரோ-ஜெக்‌ஷன் என்ற தொகுப்பை விற்றது. அதில் கலவையைக் கைத்திருகிகளால் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகியோர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், ஆர்வலர்கள் தாமே பற்றவைத்துச் செய்துகொள்ளும் கட்டுப்பாட்டுக் கணினியாக அமைந்தது.

பெரிய மாற்றம் 2010-களில் நிகழ்ந்தது. அகன்ற அளவீட்டு ஆக்சிஜன் உணரியின் துணையுடன், வண்டி ஓடும்போதே கலவையைத் தானே கற்றுத் திருத்திக்கொள்ளும் கணினிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. நான்கு துளைக் கார்புரேட்டர் இருந்த அதே நான்கு போல்ட்டுகளில் இவை பொருந்தின. இவற்றில் பல ஏறத்தாழ 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இயங்குபவை. பழைய பம்பு தந்ததைப் போல் இது எட்டு மடங்குக்கும் மேல். எரிபொருள் அமைப்பின் சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

மாற்ற வேண்டிய பகுதிகள்

பம்பு: எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் அரை பவுண்டு பெட்ரோல் செலவாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் தோராய அளவு. 300 குதிரைத்திறன் என்ஜினுக்கு முழு விசையில் மணிக்கு 150 பவுண்டு, அதாவது சுமார் 92 லிட்டர் தேவைப்படும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் பம்பு மணிக்கு 255 லிட்டர் தரக்கூடியது. அழுத்தம் கூடும்போது பம்பு தரும் அளவு குறையும். எனவே தேவையான அழுத்தத்தில் அது எவ்வளவு தருகிறது என்றே பார்க்க வேண்டும். மின்சாரப் பம்பு தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் அல்ல. தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்தால் அது குளிர்ச்சியாகவும் ஓசை குறைந்தும் இயங்கும். ஆவி அடைப்பும் பெருமளவு தவிர்க்கப்படும். சட்டத்தில் பொருத்துவதானால் தொட்டிக்கு அருகிலும், தொட்டியின் அடிமட்டத்துக்கு இணையாகவோ கீழாகவோ இருக்க வேண்டும்.

திரும்பு குழாய்: என்ஜின் மெதுவாக ஓடும்போது பம்பு தரும் பெட்ரோலில் பெரும்பகுதி மிஞ்சும். அது தொட்டிக்குத் திரும்ப வேண்டும். 76 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 255 லிட்டர் பம்பு முழு அளவில் இயங்கினால், தொட்டியில் உள்ள பெட்ரோல் முழுவதும் ஒரு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் சுற்றி வரும். என்ஜின் அறை வரை சென்று திரும்பும் பெட்ரோல் அந்த வெப்பத்தையும் தொட்டிக்குக் கொண்டுவரும். இதைக் குறைக்க, 1999 கார்வெட் காரில் வந்த வடிகட்டியும் ஒழுங்குபடுத்தியும் இணைந்த பாகத்தைத் தொட்டிக்கு அருகில் பொருத்துவோர் உண்டு. அப்போது மிஞ்சும் பெட்ரோல் அங்கேயே திரும்பிவிடும். என்ஜினுக்கு ஒரே குழாய் போதும்.

தொட்டி: கிண்ணம் இல்லாத அமைப்பில், பம்பின் வாய் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலும் என்ஜின் தடுமாறும். எனவே தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளோ, பம்பைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கும் சிறு கலமோ தேவை. 1987 ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்பின் தொட்டி 1973 முதல் 1986 வரையான டிரக்குகளில் பொருந்துவதால், பலர் அதையே தேர்ந்தெடுக்கின்றனர். 1972-க்கு முற்பட்ட செவ்ரோலே டிரக்குகளில் இருக்கையின் பின்னுள்ள தொட்டியை நீக்கி, பிளேசர் வகையின் தொட்டியைப் பின்புறம் சட்டங்களுக்கு நடுவே பொருத்துவதும் வழக்கம். சூடான பெட்ரோல் திரும்பி வரும் தொட்டி ஓட்டுநர் அறைக்குள் இருப்பது விரும்பத்தக்கதன்று என்பதும் இதற்கு ஒரு காரணம்.

சிறு கலம்: தொட்டியை மாற்ற விரும்பாதவர்களுக்காக, என்ஜினுக்கு அருகில் பொருத்தும் ஒரு சிறு கலத்தைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. பழைய பம்பு அதை நிரப்பும். அதனுள் உள்ள உயர் அழுத்தப் பம்பு என்ஜினுக்குத் தரும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வெற்றிடத் தொட்டியும் கார்புரேட்டரின் கிண்ணமும் செய்த அதே வேலையை இது செய்கிறது. ஆனால் என்ஜின் அறையின் வெப்பத்தில் இதிலுள்ள பெட்ரோல் ஆவியாகக்கூடும் என்பதால், இதன் இடமும் ஆவி வெளியேறும் வழியும் கவனமாக அமைய வேண்டும்.

குழாய்கள்: அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரங்களின்படி, கார்புரேட்டர் அமைப்புக்கான ஜே30 ஆர்7 வகை ரப்பர் குழாய் 50 பிஎஸ்ஐ வரை மட்டுமே ஏற்றது. உட்செலுத்தலுக்கான ஆர்9 வகை 100 பிஎஸ்ஐ வரை தாங்கும். தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் இடத்தில் ஆர்10 வகை வேண்டும். கடையில் இவை பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மேலே அச்சிட்ட எழுத்துகளைக் கொண்டே வேறுபடுத்த முடியும். குழாயை இறுக்கும் கிளாம்பும் ரப்பரை அறுக்காத உட்செலுத்தல் வகையாக இருக்க வேண்டும்.

வடிகட்டியும் மின்சாரமும்: இன்ஜெக்டரின் துளை மிக நுண்ணியது. பம்புக்கு முன் சுமார் 100 மைக்ரான் அளவிலும், பம்புக்குப் பின் சுமார் 10 மைக்ரான் அளவிலும் வடிகட்டிகள் வைக்கப்படுகின்றன. பம்புக்குத் தனி ரிலேயும் பியூசும் வேண்டும். பழைய மின்கம்பிகள் வழியே மின்னழுத்தம் குறைந்தால் பம்பின் வேகமும் குறைந்து, எரிபொருள் அழுத்தம் சரியும்.

எத்தனாலின் பங்கு

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இப்போது அங்கு விற்கப்படும் பெட்ரோலில் பெரும்பாலானது 10 விழுக்காடு எத்தனால் கொண்டது. எத்தனால் பழைய வகை ரப்பரை மென்மையாக்கி வெடிக்கச் செய்யும், ஈரத்தை ஈர்க்கும், பல ஆண்டுகளாகத் தொட்டியில் படிந்த பிசினையும் துருவையும் கிளறிவிடும். கார்புரேட்டர் அமைப்பில் இது அடைப்பையோ கசிவையோ உண்டாக்கியது. உயர் அழுத்த அமைப்பில் அதே கழிவு பம்பையும் இன்ஜெக்டரையும் பழுதாக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களும், சுத்தம் செய்த அல்லது புதிய தொட்டியும் இம்மாற்றத்தின் பகுதியாகின்றன.

பாதுகாப்பு

6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் குழாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டால் பெட்ரோல் சொட்டும். 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது மெல்லிய பனிப்புகையாகப் பீய்ச்சி அடிக்கும். சூடான புகைப்போக்கிக் குழாய்க்கு அருகில் இது உடனே தீப்பற்றக்கூடும். இயந்திரப் பம்பு என்ஜின் நின்றவுடன் நின்றுவிடும். மின்சாரப் பம்பை நிறுத்துவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சாவியைத் திருப்பியதும் கட்டுப்பாட்டுக் கணினி பம்பைச் சில நொடிகள் மட்டும் இயக்கும். என்ஜின் சுழலவில்லை எனில் நிறுத்திவிடும். பம்பை நேரடியாகச் சாவியுடன் இணைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிர்வு விசையை ஃபோர்டு தன் உட்செலுத்தல் வாகனங்களில் வைத்தது. பழைய டிரக்குகளிலும் இதைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

பழைய தொட்டியில் பம்புக்காகத் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் தனி ஆபத்துகள். பெட்ரோல் முழுவதும் வடிந்த தொட்டியிலும் ஆவி எஞ்சியிருக்கும். காற்றுடன் கலந்த அந்த ஆவி, நிரம்பிய தொட்டியைவிட எளிதில் வெடிக்கக்கூடியது. இப்பணி அதற்குரிய முறை அறிந்த பட்டறைகளில் செய்யப்பட வேண்டியது.

சட்ட நிலையும் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 1975 மற்றும் அதற்கு முற்பட்ட பெட்ரோல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அதற்குப் பிந்தைய வாகனங்களில் வெளிச்சந்தை உட்செலுத்தலைப் பொருத்த, அந்தக் கருவிக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும்.

மதிப்பீடு

உட்செலுத்தலால் கிடைக்கும் பயன்கள் தெளிவானவை. குளிரில் என்ஜின் எளிதாகக் கிளம்பும். மலைப்பகுதியில் காற்றின் அடர்த்தி குறைந்தாலும் கலவை தானாகத் திருந்தும். சரிவான நிலத்திலும் என்ஜின் தடுமாறாது. ஆவி அடைப்பு அரிதாகும். மறுபுறம், கார்புரேட்டர் பழுதானால் ஒரு திருப்புளியைக் கொண்டு சாலையோரத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். பம்போ உணரியோ பழுதானால் அவ்வாறு செய்ய முடியாது. இதனாலேயே பழைய டிரக்கை அரிதாக மட்டும் ஓட்டும் பலர் கார்புரேட்டரை விட விரும்புவதில்லை.

மாற்றத்தைச் செய்வோர் பலர் விளம்பரத்தில் கண்ட புதிய பகுதியை முதலில் வாங்கி, பழைய தொட்டியும் குழாயும் போதும் என்று கருதிவிடுகின்றனர். பின்னர் என்ஜின் திக்கித் திணறும்போது கணினியைக் குறை கூறுகின்றனர். பாஷ் 1967-இலும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் 1980-களிலும் மின்சாரப் பம்பு, மாறாத அழுத்தம், திரும்பு வழி ஆகியவற்றை முதலில் அமைத்துக்கொண்டே இன்ஜெக்டரைப் பொருத்தின. பழைய டிரக்கிலும் பணியின் வரிசை அதுவே: முதலில் தொட்டி, அடுத்துப் பம்பும் குழாய்களும், அவற்றில் அழுத்தச் சோதனையும் கசிவுச் சோதனையும், இறுதியாக என்ஜின் மேலுள்ள கருவி.